இலவசம்: 4

பெருங்குடி, சென்னை
ஞாயிறு காலை

அன்புள்ள மலர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் போடாததற்குத் திட்டிக்கொண்டிருப்பாய். அம்மாவுக்கு வலது கண்ணில் புரை ஆபரேஷன் முடிந்தது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்ற மறுக்கிறாள், டிவி பார்க்கும்போதுகூட. அவளை டாக்டரிடம் கூட்டிப்போவதும் வருவதுமாக இருந்ததில் பேனாவைத் தொட நேரமில்லை. மீதி நேரத்தை ஆபீஸ் தின்றுவிட்டது. அந்தக் கதையைத்தான் எழுதப் போகிறேன். உன் இலக்கணப் பாடம் பாதி அதில் இருப்பதால் நீ படித்துத்தான் ஆக வேண்டும்.

ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு வெப் அப்ளிகேஷன் செய்கிறோம். பேர் வேண்டாம், நகரத்தில் பல கிளைகள் உள்ளது. எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் முடித்துவிட்டு, 'இப்போது தமிழும் சேர்த்துவிடுங்கள், இரண்டு வாரம் போதுமே' என்றார்கள். கோலம் போட்டு முடித்த வாசலில் தண்ணீர் தெளிக்கச் சொன்ன மாதிரி.

ரியாக்ட் என்று திரைகளைக் கட்டுகிற ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கருவி. அதில் திரையைக் காம்போனென்ட் காம்போனென்டாகப் பிரித்து எழுதுவோம். ஒரு பட்டன், ஒரு பட்டியல், ஒரு பெட்டி என்று. திரையில் தெரிகிற சொற்களும் அந்த புரோகிராம் கோடுக்குள்ளேயே தைத்துக் கிடக்கும். அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து ஜேசன் என்ற தனிக் கோப்பில் வைத்துவிட்டு, இருந்த இடத்தில் ஒரு கீயை, அதாவது அந்தச் சொல்லுக்கான அடையாளப் பெயரை, மட்டும் விட்டுவர வேண்டும். ஐ18நெக்ஸ்ட் என்ற லைப்ரரியில் 'டி' என்று ஒரு ஃபங்ஷன். அதனிடம் கீயைக் கொடுத்தால் அந்த நேரத்தில் எந்த மொழியோ அந்த மொழிச் சொல்லைத் தரும். அவ்வளவுதான் என்று நினைத்தோம்.

சொற்களைப் பிரித்தெடுத்த எங்கள் ஆபீஸ் பையன் கெட்டிக்காரன், ஆனால் அவசரக்காரன். கீ ஒரு பக்கம், ஆங்கிலம் ஒரு பக்கம் போட்ட எக்செல் ஷீட் வெளியே மொழிபெயர்க்கப் போனது. 'ஃப்ரீ' என்று ஒற்றைச் சொல் தனியாக நின்றால் யாராக இருந்தாலும் 'இலவசம்' என்றுதானே எழுதுவார்கள்? அது இருந்ததோ, காலை 7 மணிக்கு இன்னும் எத்தனை பேருக்கு இடம் காலி என்று காட்டுகிற சின்னப் பெட்டி. வெளியிட்ட முதல் நாளே ஒரு பெரியவர் வேளச்சேரி கிளையில் போனை நீட்டி, "இலவசம்: 4 என்று போட்டிருக்கிறதே, நான்தான் நாலாவது ஆள்" என்று நின்றுவிட்டார். ரிசப்ஷனில் இருந்த பெண் எங்களைக் கூப்பிட்டு அழாத குறை. அந்தப் பெரியவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. தமிழில் அப்படித்தானே எழுதியிருந்தது!

அதே ஷீட்டில் இன்னொரு முத்து. சர்க்கரைப் பரிசோதனைக்கு 'உண்ணாவிரதம்: 8 மணி நேரம்'. சேப்பாக்கத்தில் பந்தல் போட்டு உட்கார வேண்டியதுதான். இந்த ஊரில் எந்த லேப் சீட்டை எடுத்தாலும் 'வெறும் வயிற்றில்' என்றிருக்கும், அடுத்த வரியில் 'சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து' என்றிருக்கும். சொல் ஏற்கெனவே ஊரில் இருக்கிறது. அகராதியைத் தேடிப் போனதுதான் தப்பு.

அந்தக் காலத்தில் நாம் மொழிபெயர்க்க கெட்டெக்ஸ்ட் என்ற முறையின் பி.ஓ. கோப்புகளோடு மல்லுக்கட்டியது நினைவிருக்கிறதா? அடையாறு பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து, பாதி நேரம் எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரிய, நீ 1999 மாநாட்டுக்குப் பிறகு வந்த தமிழ்99 விசைப்பலகையில் மடமடவென்று அடிப்பாய். நான் ஆங்கில ஒலிப்பில் தட்டித் தடவுவேன். இன்னும் அப்படித்தான், சிரிக்காதே. அந்தக் கெட்டெக்ஸ்ட் முறையை அன்று நாம் எவ்வளவு திட்டினோம்! ஆனால் ஒவ்வொரு வாசகத்தின் தலைமேலும் அது எந்தக் கோப்பில் எத்தனையாவது வரியில் வருகிறது என்று குறிப்பு இருக்கும். ஆங்கில வாசகமே கீயாகவும் இருந்தது. இப்போதைய கீயைப் பார்த்தால் ஆட்டோ நம்பர் மாதிரி இருக்கிறது. அதனால் ஒரு சட்டம் போட்டிருக்கிறேன். கீயோடு ஒரு வரி விளக்கமும் ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் இல்லாமல் ஒரு சொல்கூட மொழிபெயர்க்கப் போகாது. பையன் முணுமுணுக்கிறான். முணுமுணுக்கட்டும்.

இப்போது உன் பாடத்துக்கு வருகிறேன். பதிவு முடிந்ததும் வருகிற வாக்கியம் காம்போனென்டில் நான்கு துண்டாகக் கிடந்தது. ரத்தம் எடுக்கப்படும் என்பது ஒரு துண்டு, பிறகு 'அட்', பிறகு கிளையின் பெயர், பிறகு 'ஆன்' போட்டுத் தேதி. துண்டு துண்டாகவே மொழிபெயர்த்து ஒட்டியதில், 'உங்கள் ரத்தம் எடுக்கப்படும் இல் தாம்பரம் அன்று 12' என்று வந்தது. வினைமுற்று முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டது, வேற்றுமை உருபு அநாதையாக நடுத்தெருவில் நிற்கிறது. வாக்கியம் முழுவதையும் ஒரே கீயில் வைத்து, பெயருக்கும் தேதிக்கும் மட்டும் ஓட்டை விடச் சொன்னேன். வரிசை சரியானது. ஆனால் 'தாம்பரம்இல்', 'அடையாறுஇல்' என்று ஒட்டியது. உன் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள்கூட தாம்பரத்தில், அடையாற்றில், வேளச்சேரியில் என்று எழுதிவிடும். அந்த மகர ஈற்றையும் ஒற்று இரட்டுவதையும் உடம்படுமெய்யையும் ஜாவாஸ்கிரிப்டுக்கு யார் கற்றுக்கொடுப்பது? போதாக்குறைக்கு, 'அடையாற்றில் ரத்தம் எடுக்கப்படும்' என்றால் ஆற்றுக்குள் இறங்கச் சொன்ன மாதிரி இருக்கிறது.

ஒரு ராத்திரி முழுக்க யோசித்து, காலையில் காபி கலக்கும்போது பிடிபட்டது. 'தாம்பரம் கிளையில்'. ஊர்ப் பெயரைத் தொடவே வேண்டாம், பின்னால் வருகிற 'கிளை' உருபைச் சுமந்துகொள்ளும். ஆள் பெயருக்கும் அதே வைத்தியம். 'மலர்க்கு', 'ராமன்க்கு' என்று பல்லை இளித்துக்கொண்டிருந்தது. 'மலர் அவர்களுக்கு', 'ராமன் அவர்களுக்கு' என்று போட்டதும் சரியாகிவிட்டது. வினையில் ஆணா பெண்ணா என்ற கேள்வியையும் 'பதிவு செய்துள்ளார்' என்ற 'ஆர்' விழுங்கிவிட்டது. நம் மொழியின் மரியாதை ஒரு புரோகிராமருக்கு இப்படி உதவும் என்று நீ எந்த வகுப்பிலாவது சொல்லியிருக்கிறாயா?

பன்மை எங்களைப் படுத்தவில்லை. தமிழுக்கு ஒன்று, மற்றவை என இரண்டே வகைதான். அரபிக்கு ஆறு வகை, அந்த வேலை எங்களுக்கு வரவில்லை, பிழைத்தோம். சைபரை மட்டும் தனியாகப் பிடித்து, '0 சோதனைகள்' வருகிற இடத்தில் 'சோதனை எதுவும் இல்லை' என்று வைத்தேன்.

அதைவிட ஒரு மெனு இரண்டு நாள் தண்ணி காட்டியது. மொழியைத் தமிழுக்கு மாற்றினால் பக்கம் எல்லாம் மாறுகிறது, மேலே இருக்கிற மெனு மட்டும் அசையாமல் ஆங்கிலத்திலேயே நிற்கிறது. பார்த்தால், மெனுப் பட்டியலைக் காம்போனென்டுக்கு வெளியே, கோப்பின் தலையில் எழுதி, அங்கேயே 'டி'யைக் கூப்பிட்டிருந்தான் பையன். அந்த வரி கோப்பு ஏறும்போது ஒரே ஒரு தடவைதான் ஓடும். அன்றைக்குக் கிடைத்த சொல்லையே பிடித்துக்கொண்டு நிற்கும். பட்டியலில் கீயை மட்டும் வைத்து, திரை வரையும் நேரத்தில் காம்போனென்டுக்குள் சொல்லாக மாற்றியதும் ஒழுங்குக்கு வந்தது. பையனுக்கு என் மேல் மரியாதை கூடியது அன்றைக்குத்தான்.

நோயாளி பெயரின் முதலெழுத்தை வட்டத்துக்குள் காட்டுகிற இடத்தில் கோமதி 'க' ஆகிவிட்டாள். கம்ப்யூட்டருக்குக் 'கோ' என்பது ககரமும் ஓகாரக் குறியுமாக இரண்டு, முதல் ஒன்றை மட்டும் வெட்டி எடுத்திருக்கிறது. எழுத்தாகப் பார்த்து வெட்ட இன்ட்ல் செக்மென்டர் என்று ஒன்று பிரவுசரிலேயே இருக்கிறது, அதைப் போட்டோம்.

கண்ணுக்குத் தெரியாத சொற்களைத்தான் கடைசிவரை யாரும் நினைக்கவில்லை. படம் மட்டும் இருக்கிற பட்டனுக்கு உள்ளே, பார்வையற்றவர்களுக்குப் படித்துக் காட்ட ஒரு பெயர் ஒளிந்திருக்கும். அது ஆங்கிலத்திலேயே இருந்தது. பக்கத்தின் மொழியைத் தமிழ் என்று குறிக்கவும் மறந்திருந்தோம். தமிழ் வாசகத்தை ஆங்கிலக் குரல் என்ன பாடுபடுத்தும் என்று ஒரு தடவை ஹெட்போனில் கேட்டேன். பிறகு அந்தப் பெயர்களை எல்லாம் நானே உட்கார்ந்து எழுதினேன்.

சண்டை வந்தது பட்டனில். 'சேமி', 'நீக்கு' என்று நான் வைத்ததை, 'வாடிக்கையாளரை ஒருமையில் பேசலாமா' என்று மேலிடம் மாற்றச் சொன்னது. பட்டன் என்பது ஆள் மெஷினிடம் சொல்வது. மெஷினிடம் ஒருமையில் பேசலாம். மெஷின் ஆளிடம் பேசுகிற இடத்தில்தான் 'உங்கள் எண்ணை எழுதுங்கள்' வேண்டும். அரை மணி நேரம் வாதாடி ஜெயித்தேன். அவர்கள் கேட்ட 'சேமிக்கவும்' போனில் பட்டனுக்கு வெளியே வழிந்ததும் ஒரு காரணம், அதை மறைப்பானேன்.

'குருதி' என்று போடாமல் 'ரத்தம்' என்று போட்டதற்கு நீ முகம் சுளிப்பாய். சுளி. அந்த வேளச்சேரிப் பெரியவர் படிக்க வேண்டுமே.

இன்னும் ஒன்று மாட்டிக்கொண்டு நிற்கிறது. 'ஸ்லாட்', பரிசோதனைக்கு ஒருவருக்கு ஒதுக்குகிற நேரத் துண்டு. 'நேரம்' என்றால் கடிகாரமாகிவிடுகிறது, 'இடம்' என்றால் நாற்காலியாகிவிடுகிறது. 'முன்பதிவு நேரம்' நீளம். இப்போதைக்கு 'ஸ்லாட்' என்றே விட்டிருக்கிறேன். உன்னிடம் ஏதாவது இருந்தால் வியாழனுக்குள் போன் பண்ணு. ஜனவரி புத்தகக் காட்சிக்கு வருகிறாயா இல்லையா, அதையும் அப்போதே சொல். நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டுவிட்டால் எழும்பூருக்கு நான் வந்து அழைத்துக்கொள்கிறேன். அம்மா உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அன்புடன்,
வசந்தி