கறுத்ததெல்லாம் ஷெரி பீப்பாய் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீபாவளி அன்பளிப்புகளைப் பற்றி உங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரை, சிங்கிள் மால்ட் ஸ்காட்ச் (ஒரே ஆலையில் முளைகட்டிய பார்லியிலிருந்து வடித்த ஸ்காட்லாந்து விஸ்கி) வாங்குவோருக்கு ஒரே ஓர் அடையாளம் சொல்லியிருந்தது: நிறம் கறுக்கக் கறுக்க வயதும் தரமும் கூடும் என்று. விற்பவருக்கு இது வசதியான கதை, வாங்குபவருக்கு நட்டம்.

கொப்பரையில் வடித்து இறக்கும்போது எந்த விஸ்கியும் தண்ணீரைப் போல நிறமற்றதுதான். பிறகு மரம் நிறம் கொடுக்கிறது. ஆனால் மரம் மட்டும் கொடுப்பதில்லை. கேரமல் சாயம் சேர்க்க, ஸ்காட்ச் விஸ்கிக்கான பிரிட்டன் சட்டமே அனுமதிக்கிறது. ஜெர்மனியில் விற்கும் போத்தலில் சாயம் கலந்திருந்தால் அதை முகப்புச் சீட்டில் எழுதியாக வேண்டும்; ஆகவே வாங்க நினைக்கும் விஸ்கியின் ஜெர்மன் சீட்டை இணையத்தில் தேடிப் பார்த்தால் பல நேரம் விஷயம் வெளியே வந்துவிடும். சாயமே இல்லையென்றாலும் நிறம் வயதைச் சொல்லாது. மூன்றாம் முறை விஸ்கி நிரப்பிய பீப்பாயில் 18 ஆண்டு கிடந்தது வைக்கோல் நிறத்தில் இருக்கலாம். ஷெரி எனும் ஸ்பெயின் ஒயின் இருந்த பீப்பாயில் முதன்முறை விஸ்கி நிரப்பினால், 8 ஆண்டிலேயே தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) நிறம் ஏறிவிடலாம்.

கேட்க வேண்டியது பீப்பாயின் பூர்வீகத்தை. அமெரிக்காவில் பர்பனை, அதாவது சோளம் மிகுந்த அந்நாட்டு விஸ்கியை, உட்புறம் கருக்கிய புது ஓக் கலனில்தான் வைக்க வேண்டும் என்பது சட்டம். அதனால் ஒருமுறை பயன்படுத்திய 200 லிட்டர் பீப்பாய்கள் அங்கே மிஞ்சுகின்றன, ஸ்காட்லாந்துக்குக் கப்பலேறுகின்றன. இந்த அமெரிக்க வெள்ளை ஓக் தருவது வெண்ணிலாவும் தேங்காய் மணமும். ஷெரி பீப்பாய் பெரும்பாலும் 500 லிட்டர். ஐரோப்பிய ஓக்கில் செய்ததென்றால் கிராம்பு, உலர்ந்த திராட்சை, பேரீச்சை மணங்களோடு நாக்கின் ஓரத்தில் துவர்ப்பு பிடிக்கும். ஷெரி பீப்பாயை அமெரிக்க ஓக்கிலும் செய்கிறார்கள் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு காலத்தில் பிரிட்டனுக்கு ஷெரி ஏற்றிவந்த பீப்பாய்களே விஸ்கிக்குக் கிடைத்தன. ஷெரியை ஸ்பெயினிலேயே போத்தலில் அடைக்க வேண்டும் என்றான பின், 1980களில், அந்த வரத்து நின்றது. இன்று வருபவை பெரும்பாலும் விஸ்கிக்காகவே செய்து, ஓரிரு ஆண்டு ஷெரி ஊற்றிப் பழக்கியவை.

இனி ஒப்பிட்டுச் சுவைப்பது. புகை மணம் தூக்கலான லகவுலினையும் அது இல்லாத மெக்காலனையும் பக்கத்தில் வைத்துவிட்டு ‘பீப்பாய் வித்தியாசம்’ என்று பேசிப் பயனில்லை. அங்கே முதலில் தெரிவது பீட் புகை, அதாவது பார்லியைக் காயவைக்க எரிக்கும் கரிமண்ணின் வாசம். ஒரே ஆலையின் சரக்காக இருக்க வேண்டும். எங்கள் சிபாரிசு கிளென்மோரஞ்சி ஆலையின் மூன்று: ஒரிஜினல், 12 ஆண்டு லசான்டா, 14 ஆண்டு குயின்டா ரூபன். ஒரிஜினல் முழுக்கப் பர்பன் பீப்பாய். மற்ற இரண்டும் முதல் 10 ஆண்டு பர்பன் பீப்பாயில் கிடந்து, அதன்பின் லசான்டா 2 ஆண்டு ஷெரி பீப்பாயிலும் குயின்டா ரூபன் 4 ஆண்டு போர்ட் எனும் போர்ச்சுகல் ஒயினின் பீப்பாயிலும் இருந்தவை. ஒரிஜினலின் பழைய சரக்கு 10 ஆண்டு, புதியது 12. பத்து கிடைத்தால் அதையே எடுங்கள், ஒப்பீடு சுத்தமாக இருக்கும்.

இவற்றின் வீரியம் முறையே 40, 43, 46 விழுக்காடு. இதைச் சமன் செய்யாமல் குடித்தால், 46இன் காரத்தைப் போர்ட் பீப்பாயின் குணம் என்று நாக்கு தப்புக் கணக்குப் போடும். 20 மி.லி. குயின்டா ரூபனுக்கு 3 மி.லி., 20 மி.லி. லசான்டாவுக்கு 1.5 மி.லி. தண்ணீர் சேர்த்தால் மூன்றும் 40க்கு வந்துவிடும். மருந்துக்கடையில் கிடைக்கும் ஊசியில்லாச் சிரிஞ்சு போதும். குழாய்த் தண்ணீர் வேண்டாம், குளோரின் முந்திக்கொள்ளும். வடிகட்டிய தண்ணீரே நல்லது. தண்ணீர் பட்டதும் லேசாக மங்கினால் அது கெட்டதன் அடையாளமல்ல. குளிரவைத்து வடிகட்டாத விஸ்கி அப்படித்தான்.

நம் ஊரில் பெரிய எதிரி வெயில். 32 பாகை வரவேற்பறையில் ஆல்கஹால் ஆவிதான் மூக்கைக் குத்தும், பழ மணம் பின்னால் ஒளிந்துகொள்ளும். ஏர்கோனை 22, 23இல் வைத்து, போத்தலும் கிளாசும் அந்தக் குளிருக்கு வந்த பிறகு ஊற்றுங்கள். ஐஸ் போட்டால் மணம் அடங்கிவிடும். விருந்தில் போட்டுக்கொள்ளலாம், ஒப்பீட்டில் கூடாது. வாய் குறுகிய கிளாஸ் தேவை. ஊற்றியதும் தட்டால் மூடி 10 நிமிடம் விடுங்கள். முகரும்போது உதட்டைச் சற்றே திறந்து வைத்தால் நெடி குறையும். சாம்பிராணி, மல்லிகைச் சரம், பக்கத்து வீட்டு டுரியான், எதுவும் அந்த அறைக்குள் வரக்கூடாது. முறுக்கும் காரக் கச்சானும் நாக்கை மரக்கச் செய்யும். வெறும் கிரீம் கிராக்கர் பிஸ்கட் போதும்.

கிளாசின் அடியில் குறியிட்டு, யாராவது இடம் மாற்றி வைக்கட்டும். நிறம் காட்டிக்கொடுக்குமென்றால் விளக்கை மங்கலாக்குங்கள். முதல் கிளாஸ் எப்போதும் காரமாகத் தோன்றும், நாக்கு இன்னும் பழகியிருக்காது. அதனால் கடைசியில் மீண்டும் முதலாவதுக்குத் திரும்ப வேண்டும். கொளுத்திய தீக்குச்சி, அழுகிய முட்டை வாடை வந்தால் பீப்பாயைக் காக்க எரித்த கந்தகம் காரணமாக இருக்கலாம். ஷெரி பீப்பாயில் இது அறிந்த கோளாறுதான். சிலர் அதையும் ‘கனமான சுவை’ என்று புகழ்கிறார்கள். எங்களுக்கு உடன்பாடில்லை.

மூன்று கிளாஸ் முழுதாகக் குடித்தால் சுத்த ஆல்கஹால் சுமார் 26 மி.லி. உள்ளே போகிறது. ருசி பார்த்துத் துப்ப ஒரு பாத்திரம் வைப்பது கௌரவக் குறைச்சல் அல்ல. மலேசியச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பின் ஓட்டுநருக்கான ஆல்கஹால் வரம்பு 100 மி.லி. இரத்தத்தில் 50 மி.கி. மட்டுமே. வீடு திரும்ப வேறு ஏற்பாடு முன்பே இருக்கட்டும்.

மிச்சப் போத்தலை நிமிர்த்தியே வையுங்கள். படுக்கவைத்தால் ஆல்கஹால் தக்கையை அரிக்கும். பாதிக்குக் கீழே போனதைச் சிறு போத்தலுக்கு மாற்றி, இருட்டான அலமாரியில் வைத்தால் மணம் தங்கும். அடுத்த தீபாவளிப் பதிப்பில் அந்த நிறக் கணக்கைத் திருத்தி வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
விஸ்கி சுவைக்கும் வாசகர்கள் சிலர்,
ஜார்ஜ் டவுன், பினாங்கு