காட்டர்லைன் சரிவு நழுவாமல் நிற்க: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில், ஸ்டோன்ஹேவனுக்குத் தெற்கே ஏறக்குறைய எட்டு கிலோமீட்டரில் இருக்கிறது காட்டர்லைன். மேட்டின் விளிம்பில் வரிசையாகச் சில கல்வீடுகள், அடியில் கூழாங்கல் கரை, ஒரு சிறிய கல்துறை. இவற்றுக்கு நடுவே புல்லும் முட்புதரும் மூடிய செங்குத்தான மண்சரிவு. ஊரார் அதை 'ப்ரே' என்பார்கள். அந்தச் சரிவில், துறைக்கு இறங்கும் பாதையின் தலைக்கு மேலே உள்ள ஒரு துண்டை உறுதிப்படுத்தத்தான் இந்த வேண்டுகோள். துண்டின் அகலம் 30 மீட்டர், சரிவு நீளம் 15 மீட்டர். தேவைப்படும் தொகை 14,000 பவுண்டு.

சரிவைக் கடல் தின்கிறது என்றே பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள். இந்தத் துண்டைப் பொறுத்தவரை அது சரியல்ல. மேலே இருப்பது பனியாறு அரைத்து விட்டுப்போன, வண்டலும் மணலும் கலந்த செம்மண். அதன் கீழே கூட்டுப்பாறை: உருண்டைக் கற்கள் கடலைமிட்டாய் போல நெருக்கமாகப் பதிந்த பழைய செம்பாறை. மழைநீர் செம்மண்ணில் இறங்கும். பாறையைத் தொட்டதும் அதற்கு மேல் வழியில்லாமல் அங்கேயே தேங்கும். தேங்கிய நீர் மண்ணை அடியிலிருந்து தூக்கிப் பிடிக்கும்போது மண்ணுக்கும் பாறைக்கும் உள்ள பிடிப்பு தளர்கிறது. அப்புறம் ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் கனத்துக்குப் போர்வை நழுவுவது போல மண் இறங்கிவிடுகிறது. இந்தக் கரையில் மொத்த மழை அதிகமில்லை. ஆனால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை பெய்தது அதிகம் ஆவியாகாது. குளிரில் மண் ஈரமாகவே கிடக்கும். அதனால்தான் மண் நழுவுவது பெரும்பாலும் குளிர்காலத்தில் நடக்கிறது.

இதற்கு மேல் மனிதர் சேர்த்த நீர் வேறு. கூரைத் தண்ணீர்க் குழாய் சரிவின் உச்சியிலேயே திறந்துவிடப்பட்டிருந்தால், ஒரு கூரை முழுவதன் மழையும் ஒரே புள்ளியில் மண்ணுக்குள் போகிறது. தோட்டத்துக் கழிவை விளிம்பில் கொட்டுவதும் அதே அளவு கெடுதல். வெட்டிய புல் அடியிலிருக்கும் செடியைக் கொன்று, ஈரத்தை ஊறவைத்து, பாரத்தையும் ஏற்றுகிறது. யார் கொட்டினார்கள் என்ற விசாரணை எங்களுக்கு வேண்டாம், இனிமேல் கொட்டாதிருந்தால் போதும்.

ஆகவே முதல் வேலை குழாய் வேலை. நன்கொடையாளர்களுக்கு மரம் நடுவது பிடிக்கும், குழாய் பதிப்பது பிடிக்காது என்று தெரியும். இருந்தாலும் உங்கள் பணத்தில் மிகப் பெரிய பங்கு, 4,100 பவுண்டு, குழாய்க்குத்தான் போகிறது. மேல்வரிசைக் கூரைகளின் நீரையும் சந்தின் நீரையும் தொட்டிகளில் வாங்கி, 110 மி.மீ. பாலித்தீன் குழாயில் சுமார் 90 மீட்டர் கொண்டுபோய்க் கரையில் விடவேண்டும். சரிவில் குழாயைப் புதைக்கக் கூடாது. தோண்டிய பள்ளமே நீருக்கு வழியாகிவிடும். மண்மேல் கிடத்தி, இரும்பு முளை அடித்துப் பிணைக்கிறோம். மூட்டுகளைச் சொருகி விட்டுவிடாமல் வெப்பத்தில் உருக்கி ஒட்டுகிறோம். மூட்டு ஒன்று கசிந்தாலும் பல வீட்டு நீரும் சரிவின் நடுவயிற்றில் பாயும், குழாயே இல்லாத நிலையைவிட அது மோசம். குழாயின் வாய் திறக்கும் இடத்தில் பெரிய கற்களை அடுக்கி நீரின் வேகத்தை உடைக்கிறோம். இதில் மழைநீர் மட்டுமே போகும், கழிவுநீர் ஒரு சொட்டும் கலக்காது.

அடுத்து, ஏற்கெனவே மண்ணுக்குள் இருக்கும் நீர். இதற்குச் சரிவின் போக்கிலேயே, மேலிருந்து கீழாக மூன்று வரிசை உயிர்வடிகால். வில்லோ என்ற ஈரநில மரத்தின் கழிகளை 20 செ.மீ. குறுக்களவுக்குக் கட்டாகச் சேர்த்து, அரை மீட்டருக்கு ஒரு கட்டு வீதம் சணல் கயிற்றால் இறுக்கி, ஆழமில்லாத சாலில் கிடத்தி, மீட்டருக்கு ஒரு மரமுளை அடிக்கவேண்டும். ஒரு கட்டு மூன்று மீட்டர். அடுத்த கட்டின்மேல் அரை மீட்டர் ஏறவேண்டும். ஆக வரிசைக்கு ஆறு, மொத்தம் 18 கட்டுகள். முதல் குளிர்காலத்தில் கழிகளின் இடுக்கு வழியே நீர் வடியும். பிறகு கழிகளே வேர்விட்டு மண்ணைப் பிடித்துக்கொள்ளும். இந்தக் கட்டுகளைப் படுக்கை மட்டமாக வைத்தால் வடிகால் வேலியாகி நீரை நிறுத்திவிடும். பார்க்க அழகாக இருக்கும், சரிவுக்கு ஆகாது.

பிறகுதான் நடவு. முருங்கைப் போத்து வெட்டி நட்டவர்களுக்கு இது புதிய வித்தை அல்ல. 2 முதல் 5 செ.மீ. கனமும் 80 செ.மீ. நீளமும் உள்ள வில்லோ போத்துகள், சதுர மீட்டருக்கு மூன்று. 450 சதுர மீட்டருக்கு 1,350. பட்டுப்போகிறவற்றுக்கும் சேர்த்து 1,600 வெட்டுவோம். இலை உதிர்ந்த பின், மொட்டு விரிவதற்கு முன், அதாவது நவம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி முடிவுக்குள் வெட்டவேண்டும். மார்ச்சில் வெட்டினால் துளிர் முந்திவிடும், வேர் பிந்திவிடும். அந்தத் துளிரைப் பார்த்துப் பிழைத்துவிட்டது என்று நம்பி, ஜூனில் எல்லாம் கருகியபின் விழிப்பதுதான் வழக்கமான ஏமாற்றம்.

அடிமுனையைச் சாய்வாகவும் தலைமுனையைத் தட்டையாகவும் வெட்டுகிறோம். கூர் எது தலை எது என்று தெரிந்தால் யாரும் தலைகீழாக நட்டுவிட மாட்டார்கள். இரண்டு நாள் தண்ணீரில் ஊறவைத்து, கடப்பாரையால் குழி குத்தி, முக்கால் பங்குக்கு மேல் மண்ணுக்குள் போகும்படி இறக்கவேண்டும். வெளியே இரண்டு மூன்று கணு தெரிந்தால் போதும். மரச்சுத்தியால் மட்டுமே தட்டலாம், இரும்பு பட்டால் தலை பிளக்கும். பிளந்த பகுதியை நறுக்கிவிடவேண்டும். கடைசியில் சுற்றி மிதிப்பதைச் சலிப்பென்று விட்டுவிடாதீர்கள். போத்துக்கும் மண்ணுக்கும் நடுவே காற்று நின்றால் வேர் அந்த இடைவெளியைத் தாண்டாது. வில்லோவிலும் சாம்பல் வில்லோ, கூடைமுடையும் வில்லோ இரண்டும் போத்தில் எளிதாகப் பிடிக்கும். ஆட்டு வில்லோ பிடிக்காது. தோற்றத்தில் சாம்பல் வில்லோவை ஒத்திருப்பதால் அதைக் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறார்கள். வெட்டும் நாளில் அடையாளம் காட்ட ஆள் நிற்பார்.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. வில்லோ குளிர்காலத்தில் இலையில்லாமல் நிற்கும். நீரை உறிஞ்சவேண்டிய மாதங்களில் அது உறிஞ்சாது. அப்போது அதன் வேர் மட்டுமே உதவும், அதுவும் மூன்றாம் ஆண்டிலிருந்துதான் சொல்லும்படி இருக்கும். குழாயை முதலில் வைத்ததற்கு இதுவும் காரணம். ஆண்டு முழுதும் பச்சையாக இருக்கும் கோர்ஸ் முட்புதரையும் கலந்து விதைக்கிறோம். ஆனால் அது எளிதில் தீப்பற்றும் என்பதால் வீடுகளை ஒட்டிய மேல்பகுதியில் கிடையாது. செடிகொடியால் சரிவைக் காப்பது எங்கள் கண்டுபிடிப்பும் அல்ல. 2018 முதல் 2022 வரை நடந்த ஆபரேண்டம் என்ற ஐரோப்பிய ஆய்வுத் திட்டம் காட்டர்லைனைத் தன் திறந்தவெளி ஆய்வுக்களங்களில் ஒன்றாக எடுத்துக்கொண்டது. கிளாஸ்கோ கலிடோனியன் பல்கலைக்கழகத்தார் இந்த வகை முறைகளை இங்கேயே ஆராய்ந்தார்கள்.

வேர் பிடிக்கும்வரை மேல்மண்ணைக் காக்கத் தென்னைநார் வலை. சதுர மீட்டருக்கு 700 கிராம் எடையுள்ளது, 2 மீட்டர் அகலம், 50 மீட்டர் நீளம், ஆறு சுருள். ஒரு சுருள் 70 கிலோ, ஆகவே இரண்டு பேர் இல்லாமல் தூக்கவேண்டாம். பெரும்பாலும் இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வரும் சரக்கு இது. சில ஆண்டுகளில் மட்கி மண்ணாகிவிடும். பிளாஸ்டிக் வலை மலிவு. ஆனால் அது கிழிந்தால் நேரே கடலுக்குப் போகும். இரண்டு கல் தொலைவில் ஃபவுல்ஷூ பாறைகளில் ஆயிரக்கணக்கான கடற்பறவைகள் கூடு கட்டும் ஊரில் அதை விரிக்க எங்களுக்கு மனமில்லை. அதே பறவைக் கணக்கில், மார்ச் முதல் ஆகஸ்ட் வரை புதர் வெட்டும் வேலை எதுவும் நடக்காது.

ஓவியர் ஜோன் எர்ட்லி 1963இல் இறக்கும்வரை வரைந்துகொண்டிருந்தது இந்தக் கரையையும் இந்த மேட்டு வயல்களையும்தான். சில படங்களில் வண்ணத்தோடு நிஜப் புல்லும் விதைகளுமே ஒட்டியிருக்கும். அவருடைய பெயருக்காக வருகிறவர்கள் இறங்கிப்போகும் பாதையின்மேல்தான் இந்த மண் தொங்குகிறது.   

மீதிச் செலவு இப்படி. மண் பொறியாளரின் ஆய்வும் வரைபடமும் 3,200 பவுண்டு. நார்வலை 1,500. ஆயிரம் மரமுளை 600. கயிறு, இடுப்புவார், கருவிகள் 900. காப்பீடு 700. இரண்டு கோடைப் பராமரிப்பு 1,800. எதிர்பாராததற்கு 1,200. போத்துகளுக்குக் காசில்லை, அக்கம்பக்கப் பண்ணைகளில் வெட்டிக்கொள்ள அனுமதி வாங்குகிறோம். பராமரிப்பைக் குறைக்கச் சொல்லி யோசனை வந்தது, ஒப்புக்கொள்ளவில்லை. முதல் கோடையில் புல்லும் காஞ்சொறியும் போத்துகளை மூடிவிடும். முயல் பட்டையைக் கடிக்கும். மழையில்லாவிட்டால் நீர் ஊற்றவேண்டும். மூன்றாம் ஆண்டிலிருந்து தரையோடு ஒட்ட வெட்டியும் விடவேண்டும். இல்லாவிட்டால் உயர்ந்து காற்றை வாங்கி, வேரோடு மண்ணையும் அசைக்கும்.

25 பவுண்டு கொடுத்தால் பத்துச் சதுர மீட்டர் நார்வலை, 6 பவுண்டு கொடுத்தால் பத்து மரமுளை. தொகை எவ்வளவானாலும் ரசீது உண்டு. கணக்கிலிருந்து பணம் எடுக்க இருவர் கையெழுத்து வேண்டும்; வரவு செலவை மாதாமாதம் ஊர்க்கூடத்தில் ஒட்டுவோம். நாங்கள் பதிவுபெற்ற அறக்கட்டளை அல்ல, ஆகவே கிஃப்ட் எய்ட் வரிச்சலுகை கிடைக்காது. அக்டோபர் 31க்குள் முழுத்தொகை சேராவிட்டால் ஆய்வையும் குழாயையும் மட்டும் முடித்து, நடவை அடுத்த குளிர்காலத்துக்குத் தள்ளுவோம். அந்த இரண்டுக்கே போதாவிட்டால் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம். இந்த வேலை சரிவின் அடியைப் புயல் அலை அறுப்பதைத் தடுக்காது. அது வேறு வேலை, வேறு செலவு. எங்கள் கைக்கு மீறியதும்கூட.

அபர்டீன், டண்டீ பக்கம் இருப்பவர்கள் பணத்துக்குப் பதிலாக ஒரு சனிக்கிழமை தரலாம். சரிவில் இறங்க விருப்பமில்லாதவர்களுக்கு மேலே கட்டு கட்டும் வேலை இருக்கிறது. தடித்த கையுறையும் பிடிப்புள்ள காலணியும் கொண்டுவாருங்கள். கயிறும் இடுப்புவாரும் இங்கே உண்டு. முந்தைய நாள் பெருமழை பெய்திருந்தால் அன்று யாரையும் இறக்கமாட்டோம். வந்தபின் ஏமாறாமலிருக்க, கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
சரிவுப் பணிக் குழுவினர்,
காட்டர்லைன்