டிடிஎஸ் பேனா ஃபுளோரைடைக் காட்டாது

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் தருமபுரிப் பக்கம் பல வீடுகளில் இப்போது டிடிஎஸ் பேனா மீட்டர் இருக்கிறது, போர்வெல் தண்ணீரில் முக்கிப் பார்த்து எண் குறைவாக வந்தால் நல்ல தண்ணீர் என்று நம்பிக் குடித்துவிடுகிறார்கள். தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்பதை வைத்து மொத்த உப்பைக் கணக்கிடும் கருவி அது, அவ்வளவுதான். அந்த உப்பில் ஃபுளோரைடு, அதாவது பாறையிலிருந்து நிலத்தடி நீரில் கரைந்து வரும், அளவு மீறினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் பொருள், எவ்வளவு என்று அந்தக் கருவிக்குத் தெரியாது. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். ஃபுளோரைடுக்கு நிறமில்லை, ருசியில்லை, கொதிக்க வைத்தாலும் போகாது, பிள்ளையின் பல்லில் பழுப்புக் கறை தெரியும்போது பல வருடம் குடித்து முடித்திருப்போம், அப்புறம் எலும்பும் பாதிக்கும்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் காவிரித் தண்ணீர் வந்தது பெரிய ஆறுதல். ஆனால் குழாயில் தண்ணீர் வராத நாளில் மறுபடி போர்வெல்தானே?

ஃபுளோரைடை மட்டும் அளக்கும் மின்முனை பொருத்திய கைக்கருவிகள் இருக்கின்றன, லாந்தனம் ஃபுளோரைடு படிகம்தான் அதில் உணரி. ஒரு குடும்பம் வாங்க முடியாது, சரி, ஊராட்சிக்கு ஒன்று வாங்கி, பயன்படுத்தப் பழகிய ஒருவரை வைத்துக் கோடையிலும் மழைக்குப் பிறகும் ஒவ்வொரு போர்வெல்லையும் அளந்து, அந்த எண்ணைக் குழாயடியிலேயே பெயின்டில் எழுதி வையுங்கள்.

தருமபுரி வாசகர்