சென்னையின் பழைய சைவ ஓட்டல்கள்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நகரின் பழைய சைவ ஓட்டல்களையும் காபி கிளப்புகளையும் பதிவு செய்யும்படி சென்ற பொதுக்குழு கேட்டுக்கொண்டது. ஜார்ஜ் டவுன், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், ராயப்பேட்டை வட்டாரங்களோடு இவ்வாண்டு நிறுத்திக்கொண்டோம்.

பெயர்ப்பலகையில் உள்ள 'தொடக்கம்' ஆண்டை அப்படியே ஏடேற்றுவதில்லை என்பது செயற்குழுவின் முடிவு. முதலாளி பொய் சொல்கிறார் என்பதல்ல காரணம். தாத்தா வேறு தெருவில் அடுப்பு மூட்டிய ஆண்டைச் சிலர் போடுகிறார்கள். இப்போதைய கட்டடத்துக்குக் குடிவந்த ஆண்டைச் சிலர் போடுகிறார்கள். உட்லண்ட்ஸ் ஓட்டல்களை நிறுவிய உடுப்பி கே. கிருஷ்ணராவையே எடுத்துக்கொள்வோம். ஆச்சாரப்பன் தெருவில் சிறிய கடை, மவுண்ட் ரோட்டில் கிருஷ்ண விலாஸ், 1930களின் பிற்பகுதியில் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ், 1952-ல் எட்வர்ட் எலியட்ஸ் ரோட்டில் நியூ உட்லண்ட்ஸ், 1962-ல் கதீட்ரல் ரோட்டில் டிரைவ்-இன். 'உட்லண்ட்ஸ் எப்போது தொடங்கியது?' என்று கேட்பவரிடம், 'எந்த வாசலைக் கேட்கிறீர்கள்?' என்றுதான் திருப்பிக் கேட்க வேண்டும். அதனால் நம் பதிவேட்டில் பெயர், இடம், உரிமை மூன்றுக்கும் தனித்தனி ஆண்டு. ஒன்று தெரியாவிட்டால் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கட்டும்.

ஆண்டு இல்லாத விலைப்பட்டியல்தான் அதிகம் வருகிறது. அதற்குக் காசே சாட்சி. 1957 ஏப்ரல் 1-ல் ரூபாய்க்குப் பதினாறு அணா போய், நூறு பைசா என்ற தசம நாணயம் வந்தது. 'ந.பை.' (நயா பைசா) என்று இருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது. 1964 ஜூனில் 'நயா' போய்ப் 'பைசா' மட்டும் நின்றது. 6, 12, 19 என்று விலை ஒற்றைப்படையும் இரட்டையுமாகக் குழம்பியிருந்தால் அது ஒரு அணா, இரண்டு அணா, மூன்று அணாவை அட்டவணைப்படி மாற்றிய விலை. மாறுதல் காலத்தின் தொடக்கத்தில் வைக்கலாம். முகவரியும் பேசும். 'மதராஸ்-5' என்றால் பெரும்பாலும் 1972-க்கு முன், '600 005' என்றால் பின். அஞ்சல் குறியீட்டு எண் அந்த ஆண்டு ஆகஸ்ட் 15-ல்தான் வந்தது.

எழுத்து அவ்வளவு நம்பகமான சாட்சி அல்ல. தும்பிக்கை போல் வளைந்த பழைய 'லை', 'னை' இருப்பதால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய பலகை என்று நம் உறுப்பினர்களே இருமுறை தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். பலகை எழுதும் பெயின்டர்கள் அதற்குப் பிறகும் வெகுகாலம் பழைய கையிலேயே எழுதினார்கள். திறப்புவிழா அழைப்பிதழ்களில் வரும் தமிழ் ஆண்டிலும் கவனம் வேண்டும். 1927 சித்திரையில் தொடங்கிய பிரபவ ஆண்டின் தை என்றால் 1927 அல்ல, 1928. அறுபது ஆண்டு கழித்து 1988-லும் அதே பிரபவ தைதான்.

'பிராமணாள்' என்ற சொல் பலகையில் இருந்ததா என்பதற்கும் ஒரு கட்டம் வைத்திருக்கிறோம். அது எதற்கு என்று சிலர் முகம் சுளித்தார்கள். சமைப்பவர் யார், யாருக்கு எந்த அறை என்பதெல்லாம் அந்நாளைய 'சைவ' வியாபாரத்தின் பகுதியே. திருவல்லிக்கேணி முரளி கபே முன் 1957-ல் பெரியார் நடத்திய பலகை அழிப்புப் போராட்டத்தை விட்டுவிட்டு அந்தத் தெருவின் ஓட்டல் வரலாற்றை எழுத முடியாது. எல்லாமே உடுப்பிக்காரர்கள் கடை என்ற பேச்சும் சரியல்ல. சாம்பாரில் மிதக்கும் இட்லிக்குப் பேர்போன ரத்னா கபேயை 1948-ல் அங்கே தொடங்கியவர் வடநாட்டுக்காரர்.

ஆவணங்களைக் கையாள்வதில் நடந்த பிழைகளையும் சொல்லியாக வேண்டும். எண்ணெய்க் கறை படிந்த பில் புத்தகங்களை நம்மவர் சிலர் லேமினேட் செய்யக் கொடுத்தார்கள்; சூட்டில் எண்ணெய் பரவி, காப்பியிங் பென்சில் (மைப் பென்சில்) எழுத்து மங்கிவிட்டது. இனி யாரும் லேமினேட் செய்ய வேண்டாம், செலோ டேப் ஒட்டவும் வேண்டாம். துருப்பிடித்த குண்டூசியை இழுக்காமல், தாளை விரித்து வைத்துப் பின்பக்கமிருந்து மெல்ல நெகிழ்த்தி எடுக்கவும். பக்கங்களுக்கிடையே ஒற்றுத்தாள் வைத்து, மேலே கனமான அட்டை ஏற்றி ஒரு வாரம் விடவும். அதன்பின் 600 டிபிஐ-யில், வண்ணத்தில் ஸ்கேன் செய்யவும். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் கறையும் பென்சிலும் ஒன்றாகிவிடும். எனாமல் பலகைக்கு ஃபிளாஷ் கூடாது; காலை வெயில் நேரே விழுமுன், அளவுகோல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் படமெடுக்கவும்.

சரக்கு மாஸ்டர்களிடம் (ஓட்டல் சமையற்காரர்களிடம்) பேசப் போகிறவர்கள் மதியம் மூன்று மணிக்குப் போகவும். டிபன் நேரத்தில் கல்லாவருகே நின்றால் பதிலுக்குப் பதிலாகப் பார்சல்தான் கிடைக்கும். அளவு கேட்கும்போது 'படி' என்றால் எந்தப் படி என்பதையும் கேட்டு எழுதுங்கள். பாத்திரம் இன்னும் இருந்தால் அரிசி நிரப்பி, நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

ஒரு வேண்டுகோள். பழைய பில் புத்தகமும் ரசீதும் பரணிலிருந்து இறங்குவது போகிக்கு முன் வெள்ளையடிக்கும்போது. போகியன்று விடிகாலை அவை தெருவில் எரிந்துவிடுகின்றன. பழைய ஓட்டல் குடும்பங்களைத் தெரிந்த உறுப்பினர்கள் மார்கழி முதல் வாரத்திலேயே ஒரு நடை போய்ச் சொல்லி வைக்கவும். சாக்குப்பை மன்றத்தில் இருக்கிறது.