எட்டு பேர் ஆட்டத்துக்குக் கீழே இன்னொரு படி இல்லை

அயோவா ஹைஸ்கூல் அத்லெடிக் அசோசியேஷன் நிர்வாகக் குழுவினருக்கு வணக்கம்.

இதையே ஆங்கிலத்தில் பூன் நகரில் இருக்கும் உங்கள் அலுவலகத்துக்குத் தனியாக அனுப்புகிறேன். தமிழிலும் எழுதக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் அயோவாவிலும் பக்கத்து மாநிலங்களிலும் சின்ன ஊர்ப் பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் நம்மவர்கள் கொஞ்சம் பேர் இருக்கிறோம், வெள்ளிக்கிழமை ராத்திரி ஆனால் ஆட்டம் பார்க்கப் போகிறோம், ஆனால் எந்தப் பள்ளி எந்தப் பள்ளியோடு மோத வேண்டும் என்று பள்ளி விளையாட்டுகளை நடத்தும் உங்கள் சங்கம் எப்படி முடிவு செய்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. தெரிந்தால்தானே கேட்க முடியும்.

நான் கேட்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எட்டு பேர் ஃபுட்பாலின் பிளேஆஃபை, அதாவது சீசன் கடைசியில் சாம்பியனை முடிவு செய்யும் நாக்அவுட் சுற்றை, இரண்டாகப் பிரியுங்கள். தனியார் ஒரு பக்கம், அரசுப் பள்ளி ஒரு பக்கம் என்று பிரிக்கச் சொல்லவில்லை. அளவையும் தொடர்ந்து ஜெயிப்பதையும் வைத்துப் பிரியுங்கள், எல்லாப் பள்ளிக்கும் ஒரே விதியாக.

அமெரிக்க ஃபுட்பால் பதினோரு பேர் ஆட்டம். பதினோரு பேரைத் திரட்ட முடியாத பள்ளிகளுக்காகத்தான் சின்ன அணி ஆட்டங்கள் வந்தன. ஆறு பேர் ஆட்டத்தை 1934-ல் நெப்ராஸ்காவில் ஸ்டீஃபன் எப்ளர் என்கிற பள்ளி ஆசிரியர் உருவாக்கினார். பொருளாதாரப் பெருமந்தக் காலம், கிராமத்துப் பள்ளிகளில் ஆளும் இல்லை, காசும் இல்லை. எட்டு பேர் ஆட்டமும் அதே தேவையில் வளர்ந்ததுதான். மைதானம் சின்னது, வழக்கமாக 80 கெஜம் நீளம், 40 கெஜம் அகலம். முன்வரிசையில் ஆள் குறைவு என்பதால் வேகமாக ஓடக்கூடிய ஒரே ஒரு பையன் ஆட்டத்தையே மாற்றிவிடுவான். அந்த ஒரு பையனுக்குக் கால் பிசகினால் அந்த அணியின் சீசனே முடிந்துபோகலாம். பதினோரு பேர் ஆட்டத்தில் இந்த அளவுக்கு இருக்காது.

அயோவாவில் ஃபுட்பாலுக்குப் பெரிய பள்ளிகளின் 5ஏ தொடங்கி சின்னப் பள்ளிகளின் ஏ வரை ஆறு பிரிவுகள், கடைசியில் எட்டு பேர் பிரிவு. ஒன்பது முதல் பதினொன்றாம் வகுப்பு வரை ஆணும் பெண்ணுமாகச் சேர்த்து சுமார் 120 பேருக்குள் இருக்கும் பள்ளிகள் இந்தக் கடைசிப் பிரிவுக்கு வருகின்றன. நம் ஊர்க் கபடிப் போட்டியில் எடைப் பிரிவு வைப்பது மாதிரிதான் இது. அங்கே தராசு, இங்கே மாணவர் எண்ணிக்கை.

இப்போது பிரச்சினைக்கு வருகிறேன். 2016, 2017, 2019 எட்டு பேர் சாம்பியன் கில்பர்ட்வில் ஊரின் டான் போஸ்கோ பள்ளி. 2020, 2022 ரெம்சன் ஊரின் செயின்ட் மேரிஸ். 2023 அல்கோனாவின் பிஷப் கேரிகன். மூன்றுமே கத்தோலிக்கப் பள்ளிகள். நடுவில் 2018-ல் நியூ லண்டன், 2021-ல் கேம் (CAM) என்று இரண்டு அரசுப் பள்ளிகள் ஜெயித்தன. எட்டு வருடத்தில் ஆறு கோப்பை தனியார் பள்ளிக்கு. எட்டு பேர் ஆட்டம் ஆடும் பள்ளிகளில் மிகப் பெரும்பாலானவை அரசுப் பள்ளிகள் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இதைப் பார்த்துவிட்டு "அவங்க ஆள் பிடிக்கிறாங்க" என்று கேலரியில் பேசுவது சுலபம். நான் அப்படிப் பேச மாட்டேன், ஏனென்றால் இந்த மூன்று ஊரும் மூன்று விதம்.

ரெம்சனை எடுத்துக்கொள்ளுங்கள். 1,700 பேர் கூட இல்லாத ஊர், லக்சம்பர்க்கில் இருந்து வந்த கத்தோலிக்க விவசாயக் குடும்பங்கள் நிறையக் குடியேறிய இடம். அங்கே இருந்த அரசுப் பள்ளி மாவட்டம் ஆள் குறைந்து பக்கத்து மாவட்டத்தோடு சேர்ந்தபோது உயர்நிலை வகுப்புகள் மார்கஸ் ஊருக்குப் போய்விட்டன. ரெம்சன் ஊருக்குள்ளேயே நடக்கிற ஹைஸ்கூல் என்றால் அது செயின்ட் மேரிஸ்தான். தாத்தா, அப்பா, பிள்ளை என்று ஒரே பள்ளியில் ஒரே ஆட்டத்தை ஆடி வளர்ந்தவர்கள் அங்கே இருப்பார்கள். அதை நகரத்துப் பணக்காரத் தனியார் பள்ளி மாதிரி பேசுவது அநியாயம். சொல்லப்போனால், ஒரு ஊருக்கு ஒரு பள்ளி என்று நாம் அரசுப் பள்ளியைப் பற்றி உருகிப் பேசுவோமே, ரெம்சனில் அந்த இடத்தில் இருப்பது அந்தக் கத்தோலிக்கப் பள்ளி.

கில்பர்ட்வில் வேறு. ஊரில் ஆயிரம் பேர் கூட இல்லை, ஆனால் பக்கத்திலேயே வாட்டர்லூ, 67,000 பேர் வாழும் நகரம். சரி, வாட்டர்லூவிலேயே இன்னொரு கத்தோலிக்க ஹைஸ்கூல் இருக்கிறது, அதனால் நகரத்துப் பிள்ளைகள் எல்லாம் டான் போஸ்கோவுக்கு வந்து குவிகிறார்கள் என்று சொல்ல முடியாது. அந்தப் பள்ளியின் மல்யுத்த அணி மாநில அளவில் பேர் வாங்கியது, மல்யுத்தத்தில் தேறிய உடம்பு ஃபுட்பாலுக்கும் உதவும், இது உழைப்பில் வந்தது, மறுக்கவே மாட்டேன். ஆனாலும் மகனை நல்ல கோச்சிடம் விட வேண்டும் என்று நினைக்கிற ஒரு குடும்பத்துக்கு அங்கே போய் வருவது முடிகிற காரியம். அல்கோனா மூன்றாவது விதம். ஊரிலேயே பெரிய அரசு ஹைஸ்கூல் மேல் பிரிவில் ஆடுகிறது, பிஷப் கேரிகன் அந்த வட்டாரம் முழுவதும் இருக்கிற கத்தோலிக்கக் குடும்பங்களின் பள்ளி.

இந்தப் பக்கம் கேம் பள்ளியைப் பாருங்கள். கம்பர்லாண்ட், அனிட்டா, மசீனா என்று மூன்று ஊர் பெயரின் முதலெழுத்துகள் அவை. ஒவ்வொன்றுக்கும் தனிப் பள்ளி தாங்காமல் மூன்றும் சேர்ந்ததால் வந்த பெயர். அந்தப் பிள்ளைகள் 2021-ல் ஜெயித்தபோது அயோவாவில் இப்படி ஊர் ஊராகச் சேர்ந்த எல்லாப் பள்ளிக்கும் அது ஒரு சந்தோஷம். ஆனால் அந்த மாதிரிப் பள்ளிக்கு எல்லை என்பது கோடு போட்டு வைத்தது. அந்தக் கோட்டுக்குள் இந்த வருடம் எத்தனை பையன்கள் ஒன்பதாம் வகுப்புக்கு வருகிறார்களோ அவர்கள்தான் அணி. அரசுப் பள்ளிகளுக்கு இடையிலும் பிள்ளைகள் மாற வழி இருக்கிறது, எனக்குத் தெரியும், மாறுகிற விளையாட்டு வீரருக்கு 90 பள்ளி நாள் தடை இருப்பதும் தெரியும். ஆனால் ஒன்பதாம் வகுப்பில் முதல் நாளே தனியார் பள்ளியில் போய்ச் சேருகிற பையனை அந்தத் தடை எதுவும் செய்யாது. எல்லை இல்லாத பள்ளியும் எல்லை உள்ள பள்ளியும் ஒரே தலைக்கணக்கை வைத்து ஒரே பிரிவில் நிற்கிறார்கள் என்பதுதான் விஷயம், யார் நல்லவர் யார் கெட்டவர் என்பது இல்லை.

மற்ற மாநிலங்கள் இதற்கு என்னென்னவோ செய்து பார்த்துவிட்டன. இல்லினாய் எல்லையில்லாத பள்ளிகளின் எண்ணிக்கையை 1.65-ஆல் பெருக்கியது. அலபாமா 1.35-ஆல் பெருக்கியது. இந்தியானா ஒரு பள்ளி ஜெயிக்க ஜெயிக்க அதை மேல் பிரிவுக்கு ஏற்றியது. லூசியானா 2013-ல் பிளேஆஃபையே இரண்டாக்கி, மாணவரைத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கிற பள்ளிகளைத் தனியாக வைத்தது. டெக்சஸில் அரசுப் பள்ளிகளுக்கு ஒரு லீக், தனியார் பள்ளிகளுக்குப் பெரும்பாலும் வேறு லீக், ஆறு பேர் ஆட்டத்திலும் அப்படித்தான். நீங்கள் மின்னசோட்டா வழியைப் பின்பற்றி, 2023 சீசனில் இருந்து இலவச அல்லது சலுகை விலை மதிய உணவு வாங்கும் மாணவர்களில் 40 சதவீதத்தை மொத்த எண்ணிக்கையில் இருந்து கழிக்கிறீர்கள். வறுமை அதிகமுள்ள பள்ளி ஒரு படி கீழே இறங்கலாம். நகரத்துப் பெரிய பள்ளிகளுக்கு அது நியாயமான மாற்றம், நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன்.

ஆனால் எட்டு பேர் பிரிவில் இருக்கிற பள்ளி எந்தப் படிக்கு இறங்கும்? கீழே எதுவும் இல்லையே. பாதிப் பிள்ளைகள் சலுகை உணவு வாங்கினாலும் அந்தப் பள்ளி அதே பிரிவில்தான் இருக்கப் போகிறது, அதே அணியோடுதான் மோதப் போகிறது.

பெருக்கல் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். மூன்று வகுப்பில் 60 பேர் உள்ள தனியார் பள்ளியை 1.35-ஆல் பெருக்கினால் 81, இல்லினாயின் 1.65-ஆல் பெருக்கினால் 99. இரண்டும் 120-க்குள். ஒன்றும் மாறவில்லை. 80 பேர் உள்ள பள்ளி என்றால் 132 வரும், அப்போது என்ன ஆகும்? பதினோரு பேர் ஆட்டத்துக்குத் தள்ள வேண்டும். அந்த 80-ல் பாதி பையன்கள், பன்னிரண்டாம் வகுப்பையும் சேர்த்தால் ஐம்பது சொச்சம், அதில் பாதிப் பேர் ஆட வந்தால் இருபத்தைந்து. அதில் நல்ல பங்கு பதினான்கு வயதுப் பையன்கள். தங்களைவிட இரண்டு மடங்கு ஆள் வைத்திருக்கிற அணிகளோடு அவர்களைப் பதினோரு பேர் ஆட்டத்தில் வாரா வாரம் நிறுத்தினால் யாராவது பிள்ளைக்கு அடிபடும். அது எந்த ஊர்ப் பிள்ளையாக இருந்தாலும் எனக்குச் சம்மதம் இல்லை. பெரிய பள்ளிகளுக்காகச் செய்த கருவிகள் இந்தப் பிரிவில் ஒன்று வேலை செய்வதே இல்லை, அல்லது ஆளையே காயப்படுத்துகின்றன. இத்தனை வருட விவாதத்தில் இதை மட்டும் யாரும் அழுத்திச் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

தனியாருக்குத் தனிக் கோப்பை என்ற யோசனையும் அயோவாவுக்கு ஒத்து வராது. எட்டு பேர் ஆடும் தனியார் பள்ளிகள் கைவிரல் விட்டு எண்ணுகிற அளவுதான். அவர்களுக்குள் ஒரு சாம்பியன்ஷிப் வைத்தால் அதை யார் மதிப்பார்கள்? ரெம்சன் பையனுக்குச் சுற்றியிருக்கிற ஊர்ப் பையன்களோடு ஆடுவதுதான் ஆட்டம். அவனிடம் இருந்து அதைப் பிடுங்க வேண்டாம்.

அப்புறம் என்னதான் வழி? நெப்ராஸ்காவில் எட்டு பேர் ஆட்டத்தில் டி1, டி2 என்று இரண்டு பிரிவு, அதற்கும் கீழே ஆறு பேர் ஆட்டம் தனியாக. மிச்சிகனில் எட்டு பேர் ஆட்டத்துக்கு இரண்டு பிரிவு. டெக்சஸ் அரசுப் பள்ளிகளின் ஆறு பேர் ஆட்டத்திலும் இரண்டு பிரிவு. நம்மிடம் ஒன்றுதான். சின்னப் பள்ளிகள் பதினோரு பேர் ஆட்டத்தை விட்டு எட்டு பேர் ஆட்டத்துக்கு இறங்கி வந்துகொண்டே இருக்கின்றன, ஆனால் படி மட்டும் ஒன்றாகவே நிற்கிறது.

லீக் ஆட்டங்களை இப்போது இருப்பது போலவே பக்கத்துப் பக்கத்து ஊர்களாக வையுங்கள். அதைத் தொட வேண்டாம், ஏனென்றால் இன்னும் தூரமாகப் பஸ் அனுப்ப எந்தச் சின்னப் பள்ளியிடமும் டீசலுக்குக் காசில்லை, ராத்திரி ஒரு மணிக்குப் பிள்ளைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதும் சரியில்லை. பிளேஆஃப் வரும்போது மட்டும் இரண்டு அட்டவணை. எண்ணிக்கையில் மேல் பாதி ஒன்றில், கீழ் பாதி இன்னொன்றில். கீழ் பாதியில் இருக்கும் ஒரு பள்ளி நான்கு வருடத்தில் இரண்டு முறை அரையிறுதிக்கு வந்திருந்தால் அடுத்த சுழற்சியில் மேல் அட்டவணைக்குப் போகட்டும். டான் போஸ்கோவாக இருந்தாலும் சரி, கேமாக இருந்தாலும் சரி, அதே விதி. பதினோரு பேர் ஆட்டத்துக்கு யாரையும் தள்ள வேண்டாம், மதத்தையும் கட்டணத்தையும் வைத்து யாரையும் பிரிக்க வேண்டாம். சீடர் ஃபால்ஸின் உள்ளரங்க மைதானமான யூஎன்ஐ டோமில் கூடுதலாக ஒரு ஃபைனலும் சில அரையிறுதி ஆட்டங்களும் நடக்கும், அவ்வளவுதான் செலவு.

"கோப்பையின் மதிப்பு குறைந்துவிடும்" என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். ஏழு பிரிவு ஏற்கெனவே இருக்கிறது, எட்டாவதால் குறைந்துவிடும் மதிப்பு எது என்று எனக்குப் புரியவில்லை. அக்டோபர் கடைசியில் முதல் சுற்றிலேயே பெரிய அணியிடம் மாட்டி, 35 புள்ளி வித்தியாசம் விழுந்து, கடிகாரத்தை நிறுத்தாமல் ஓட விட்டு முடிக்கிற ஆட்டத்தில் யாருக்கு என்ன மதிப்பு கிடைக்கிறது? அப்படித் தோற்ற அணியில் அடுத்த வருடம் மூன்று நான்கு பையன்கள் வராமல் போவார்கள். சின்னப் பள்ளியில் மூன்று நான்கு பேர் என்றால் அணி இருக்குமா இருக்காதா என்கிற கேள்வி அது.

இன்னொன்றும் கேட்கிறேன், இது அவசரம். 2023 ஜனவரியில் ஆளுநர் கிம் ரெனால்ட்ஸ் கையெழுத்திட்ட சட்டப்படி தனியார் பள்ளியில் சேரும் பிள்ளைக்கு வருடத்துக்கு 7,600 டாலருக்கு மேல் மாநில அரசு தருகிறது, 2025-26 முதல் வருமான வரம்பும் கிடையாது. அந்தச் சட்டம் நல்லதா கெட்டதா என்று உங்களிடம் கேட்கவில்லை, அது உங்கள் வேலையும் இல்லை. ஆனால் கட்டணம்தான் இதுவரை பல குடும்பங்களுக்குத் தடையாக இருந்தது, இப்போது அது பெரிய அளவில் விலகிவிட்டது. எனவே ஒவ்வொரு சீசனிலும் ஒவ்வொரு அணியும், அரசுப் பள்ளியோ தனியாரோ, தன் வீரர்களில் எத்தனை பேர் பள்ளி அமைந்திருக்கும் அரசுப் பள்ளி மாவட்ட எல்லைக்கு வெளியே வசிக்கிறார்கள் என்ற எண்ணிக்கையை உங்களிடம் தர வேண்டும், நீங்கள் அதை வெளியிட வேண்டும். பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். ஆள் பிடிக்கிறார்கள் என்ற பேச்சு பொய்யென்றால் அந்தப் பட்டியலே அதை அடக்கிவிடும். உண்மையென்றால் எங்கே, எவ்வளவு என்று தெரியும்.

ஃபுட்பால் பிரிவுகளை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அமைக்கிறீர்கள். அடுத்த அமைப்புக்கு முன் இந்த இரண்டையும் உறுப்பினர் பள்ளிகளின் கருத்துக்கேட்புக்கு அனுப்புங்கள், எட்டு பேர் ஆடும் பள்ளிகளின் பதிலை மட்டும் தனியாக எண்ணி வெளியிடுங்கள், ஏனென்றால் எல்லாப் பிரிவையும் சேர்த்து எண்ணினால் எங்கள் பள்ளிகளின் குரல் அதில் தெரியவே தெரியாது.

இப்படிக்கு,
அயோவாவில் எட்டு பேர் ஆட்டம் ஆடும் ஒரு பையனின் அப்பா