தம் கட்டி முங்குகிறவருக்கு எந்த மூச்சுப் பயிற்சி?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி, அந்தப் பக்கம் தேவிபட்டினம், தொண்டி என்று கரை நெடுக நலவாழ்வுப் பலகைகள் பெருகிவருகின்றன. மூச்சுப் பயிற்சி, நீராவிப் பெட்டி, ஹிஜாமா (தோலைக் கீறிக் கோப்பையால் ரத்தம் உறிஞ்சும் சிகிச்சை) முகாம், பாசிப் பொடி என்று ஒவ்வொன்றுக்கும் ஆள் சேர்கிறது. இவற்றில் பலவற்றை நாங்களும் செய்கிறோம், ஆகவே குறை சொல்ல எழுதவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் நகரத்து உடம்புக்கு வகுத்த முறைகளை அப்படியே இங்கே இறக்கினால் எங்கே இடிக்கும் என்பதைச் சக பயிற்சியாளர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் மூச்சு. சின்னப்பாலம், பாம்பன் பக்கம் பாசி எடுக்கும் பெண்கள் விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, தம் கட்டி முங்கி மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்ற கடற்பாசிகளைப் பறிக்கிறார்கள். சங்கு குளிக்கிறவர்களும் இந்தக் கரையில் உண்டு. இவர்களில் ஒருவர் வகுப்புக்கு வந்தால், பஸ்திரிகா, கபாலபாதி, வெளிநாட்டுப் பெயர்களில் வரும் வேக மூச்சு எதையும் கடலுக்குப் போகும் நாளில் செய்யக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். ‘நுரையீரல் பலப்படும், கூடுதல் நேரம் முங்கலாம்’ என்று சொல்லி ஆள் சேர்ப்பதைப் போல ஆபத்தான விளம்பரம் இந்தக் கரையில் வேறில்லை.

காரணம் எளிது. மூச்சு முட்டுகிறது என்ற தவிப்பை முக்கியமாகத் தருவது ரத்தத்தில் கரியமில வாயு ஏறுவதுதான். ஆக்சிஜன் குறைவது அவ்வளவாகத் தெரியாது. ஒரு நிமிடம் வேகமாக ஊதி இழுத்தால் கரியமில வாயு வெளியே போய்விடும். ஆக்சிஜனோ பெரிதாக அதிகரிக்காது. சும்மா இருக்கும்போதே ரத்தம் 97, 98 சதவீதம் நிரம்பித்தான் இருக்கிறது. அப்படியே முங்கினால் தவிப்பு வரத் தாமதமாகும். அதற்குள் ஆக்சிஜன் தீர்ந்து, சொல்லாமல் கொள்ளாமல் மயக்கம் வரும். நெஞ்சளவுத் தண்ணீரிலும் இது நடக்கும். ஆழத்துக்குப் போகிறவருக்கு இன்னொன்றும் சேர்கிறது. 10 மீட்டரில் அழுத்தம் கரையில் இருப்பதைவிட இரு மடங்கு. ஏறி வர வர அது பாதியாகும்போது நுரையீரலில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனின் அழுத்தமும் கூடவே விழுகிறது. அடியில் தெளிவாக இருந்தவர் மேலே வர ஒரு பாகம் (சுமார் ஆறடி) இருக்கையில் மயங்குவது இதனால்தான்.

அப்படியானால் இவர்களுக்கு எதைச் சொல்லித்தருவது? மூக்கால் 4 விநாடி இழுத்து 6 விநாடி விடுவது, நிமிடத்துக்கு 6 மூச்சு, 10 நிமிடம், கரை திரும்பிய பிறகு மாலையில். கும்பகம் (மூச்சை அடக்கி நிறுத்துவது) வேண்டாம், பகல் முழுக்கக் கும்பகத்தில் இருந்துவிட்டு வருகிறவருக்கு அதை வேறு எதற்குக் கற்றுத்தருவது? முங்கும் முன் நிதானமாக இரண்டு மூன்று மூச்சு போதும். நீருக்கடியில் இருந்த நேரத்தைப் போல இரண்டு மடங்காவது மேலே ஓய்வு வேண்டும். ஒருவர் முங்கும்போது இன்னொருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கடலுக்குப் போகாதவர்களிலும் கர்ப்பிணி, வலிப்பு நோய், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், குடலிறக்கம், கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கு வேக மூச்சும் கும்பகமும் ஆகாது.

முங்குகிறவர்களின் காதையும் கேட்டுக்கொள்ளுங்கள். சீழ், கேட்பதில் மந்தம், முங்கும்போது சுருக்கென்ற வலி என்று எதைச் சொன்னாலும் செவிப்பறையில் ஓட்டை இருக்கலாம். எண்ணெய்க் குளியல் என்று அந்தக் காதில் எண்ணெய் விட்டால் நடுச்செவிக்குள் இறங்கிச் சீழ் பிடிக்கும். காற்று தரும் கம்ப்ரசர் குழாயோடு முங்கியவர் அன்றோ மறுநாளோ மூட்டு வலி, மரமரப்பு என்று தொக்கணத்துக்கு (உடம்பு பிடித்துவிடும் சித்த முறை) வந்தால் கையே வைக்காதீர்கள். ரத்தத்தில் காற்றுக் குமிழி கட்டியிருக்கலாம். படுக்க வைத்து 108-ஐ அழைத்து, முங்கிவிட்டு வந்தவர், ஆக்சிஜன் வேண்டும் என்று சொல்லுங்கள்.

அடுத்தது நீராவி. ஈரக்காற்றில் வியர்வை உலராது. உலராத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. குளிர்ந்த ஊருக்கு எழுதிய 20 நிமிடக் கணக்கு மே மாதப் பாம்பனுக்கு ஒத்துவராது. தலை வெளியே இருக்கும் பெட்டி, நெற்றியில் ஈரத்துணி, 10 நிமிடம். அதற்கு மேல் வேண்டாம். உள்ளே போகும் முன்னும் துடைத்துக்கொண்டு வந்த பின்னும் எடை பாருங்கள். அரைக் கிலோ குறைந்திருந்தால் அரை லிட்டருக்குக் குறையாமல் நீர் போயிருக்கிறது என்று அர்த்தம். அதைக் கொழுப்பு கரைந்ததாகச் சொல்லிக் காசு வாங்குவது மோசடி. வலையிழுத்துவிட்டு நேரே வருகிறவரை உள்ளே விடாமல் முதலில் குடிக்க வைக்க வேண்டும். மருந்துக்கடை உப்புச் சர்க்கரைக் கரைசல் கைவசம் இல்லையென்றால் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீருக்குச் சர்க்கரை தலைதட்டிய 6 தேக்கரண்டி, உப்பு தலைதட்டிய அரைத் தேக்கரண்டி. உப்பு கூடினால் கரைசலே கெடுதலாகும். சர்க்கரை நோயாளிக்கும் சிறுநீர் போக மாத்திரை எடுப்பவருக்கும் மருத்துவரைக் கேட்காமல் ஆவிக்குளியலே வேண்டாம்.

ஒத்தடத்தில் வரும் கோளாறு பெரும்பாலும் பாதத்தில். நீண்ட நாள் சர்க்கரை உள்ளவருக்குச் சூடு உறைக்காது. ‘நல்லா இருக்கு, இன்னும் வைங்க’ என்பார், மறுநாள் கொப்புளம். கண்ணை மூடச் சொல்லி, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையைப் பெருவிரல் அடியிலும் பாதத்தின் முன்மேட்டிலும் வளையும் வரை அழுத்திப் பாருங்கள். தொடுவது தெரியவில்லை என்றால் அந்தப் பாதத்தில் உப்பு ஒத்தடமும் இல்லை, மணல் ஒத்தடமும் இல்லை. (தூண்டில் நரம்பை வெட்டி வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். தடிமனும் நீளமும் சரியாகச் சேர்ந்தால்தான் 10 கிராமில் வளையும். வாங்கியே ஆக வேண்டும்.) யாருக்கானாலும் ஒத்தடக் கிழியை (துணி முடிச்சை) முதலில் உங்கள் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பார்த்துவிட்டு வையுங்கள்.

பாசிப் பொடிக்கு இப்போது நல்ல கிராக்கி. நம் கடலில் விளைவது நமக்குக் கெடுதல் செய்யுமா என்று கேட்கிறார்கள். எந்தப் பாசி, யாருக்கு என்பதைப் பொறுத்தது. பெரியவருக்கு ஒரு நாளைக்கு வேண்டிய அயோடின் 150 மைக்ரோகிராம். பழுப்புப் பாசிகளில் சிலவற்றில் ஒரு தேக்கரண்டியே அதைத் தாண்டிவிடும். தைராய்டு மாத்திரை எடுப்பவருக்கு இது சுரப்பைக் கூட்டவும் செய்யும், குறைக்கவும் செய்யும். கட்டக்கோரை வகையைச் சேர்ந்த ஜப்பானிய ஹிஜிகியில் ஆர்செனிக் இருப்பதால் சாப்பிட வேண்டாம் என்று பிரிட்டன் உணவுத் தர முகமை 2004-இல் எச்சரித்தது. பரிசோதனை அறிக்கை இல்லாத கட்டக்கோரைப் பொடியை யாருக்கும் தராதீர்கள். கரையில் ‘பெப்சி பாசி’ என்று சொல்கிற கப்பாஃபைகஸில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கும், டெல்மிசார்டன், ராமிப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற ரத்த அழுத்த, இதய மாத்திரைகள் எடுப்பவருக்கும் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். நோன்பு திறக்கும்போது சாப்பிடும் கடல்பாசி வேறு சங்கதி. அது காய்ச்சி வடித்து எடுத்த அகர், அதற்குப் பயப்பட வேண்டாம்.

உப்பையும் விட முடியவில்லை. வாலிநோக்கத்தில் அரசு நிறுவனமே உப்பு விளைவிக்கும் மாவட்டத்தில், ரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று வெளியூர் இந்துப்பைக் கிலோ கணக்கில் வாங்க வைக்கிறோம். இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான், நிறம்தான் வேறு. பல பாக்கெட்டுகளில் அயோடினும் கிடையாது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளுக்கு 5 கிராமுக்குள், எந்த உப்பானாலும். இங்கே பேச வேண்டியது கருவாட்டைப் பற்றி: எத்தனை நாள், எவ்வளவு, ஊறவைத்துக் கழுவிய பின்பா என்று.

ஹிஜாமாவுக்குப் பிறை 17, 19, 21-இல் கூட்டம் குவிகிறது. கூட்டத்தில்தான் தவறு நடக்கும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபாரின், குளோபிடோக்ரெல், ஆஸ்பிரின் எடுக்கிறாரா என்று கேட்காமல் கத்தியைத் தொடக் கூடாது. ‘இதய மாத்திரை’ என்று மட்டும் சொன்னால் அட்டையை வாங்கிப் பாருங்கள். ஹீமோகுளோபின் 10-க்குக் கீழ் இருந்தாலும், கர்ப்பமாக இருந்தாலும் செய்யக் கூடாது. கீறல் மேல்தோலோடு நிற்க வேண்டும். கத்தியும் கோப்பையும் ஒரு ஆளுக்கு ஒரு முறை. வெந்நீரில் கழுவி அடுத்தவருக்கு வைத்தால் மஞ்சள் காமாலைக் கிருமி சாகாது. 2016 மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பையில், பிளாஸ்டிக் கோப்பை சிவப்புப் பையில், கத்தி குத்தினாலும் துளைபடாத வெள்ளை டப்பாவில். குப்பைத்தொட்டியிலோ கடற்கரையிலோ போடுவது குற்றம். செய்கிறவர் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டிருக்க வேண்டும்.

தியானம், ஒலிச் சிகிச்சை என்று மனத்தைத் தொடுகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று: மனநல மாத்திரையை நிறுத்தச் சொல்லும் உரிமை நமக்கு இல்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகத் தீயில் சங்கிலியோடு எரிந்துபோன 28 பேர் இந்த மாவட்டத்துக்கு மறக்கக் கூடாதவர்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416-ஐச் சுவரில் எழுதி வையுங்கள்.

கடைசியாக உங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். முகாம் அறிவிப்புகளை வெளியிடும்போது நடத்துகிறவரின் பெயரோடு படிப்பு, மருத்துவரானால் பதிவு எண், மையத்தின் பதிவு எண் மூன்றையும் கேட்டு வாங்கிப் போடுங்கள். சர்க்கரை நோயை அடியோடு ஒழிக்கிறோம் என்ற வரி இருந்தால் அறிவிப்பையே திருப்பி அனுப்புங்கள். 1954-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாய மருந்துகள் சட்டம் அந்த விளம்பரத்தை ஏற்கெனவே தடை செய்திருக்கிறது.

இப்படிக்கு,
சித்த மருத்துவம், யோகா, இயன்முறை சார்ந்த சிலர்,
மண்டபம்.