எச்.ஆரிடம் சொன்னது புகார் ஆகாது

கயல் கண்ணு,

ஆபீஸில் மேலாளர் கொடுத்த பாலியல் தொல்லையை உன் தோழி எச்.ஆர். மேடத்தைத் தனியாகப் பார்த்துச் சொன்னாள், "நாங்க பார்த்துக்கிறோம்" என்றார்கள் என்றாயே. பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013 சட்டப்படி அது புகாரே இல்லை. எழுத்தில், இந்தப் புகார்களை விசாரிக்கக் கம்பெனிக்குள் இருக்கும் போஷ் கமிட்டிக்குப் போக வேண்டும். கடைசியாக நடந்த நாளிலிருந்து 3 மாதம்தான் கெடு; தக்க காரணம் காட்டினால் இன்னும் 3 மாதம் வரை நீட்டலாம். "பேசி முடிச்சுக்கலாம்" என்று இழுக்கிற வாரங்களும் இந்தக் கணக்கில்தான் கரையும்.

ஊபரில் நடந்ததைப் பார். மேலாளர் சாட்டில் அனுப்பியதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து எச்.ஆரிடம் கொடுத்தார் அங்கே இன்ஜினியராக இருந்த சூசன் ஃபவுலர். ஆள் நன்றாக வேலை செய்கிறவர், இது முதல் தவறு, எச்சரித்து விடுகிறோம் என்றார்களாம். (இதை எந்தச் சட்டத்தில் படித்தார்களோ.) வேறு டீமுக்குப் போ, இங்கேயே இருந்தால் அவர் ரிவ்யூவில் கைவைத்தாலும் நாங்கள் பொறுப்பில்லை என்றும் சொன்னார்களாம். அதே ஆள்மேல் முன்பே புகார் வந்திருந்ததை மற்றப் பெண்கள் சொல்லித்தான் அறிந்ததாக 2017இல் சூசன் எழுதினார்.

அந்த ரிவ்யூ பயத்துக்கு இங்கே வழி உண்டு. விசாரணை முடியும்வரை அந்த மேலாளர் உன் தோழியின் அப்ரைசலை எழுதக்கூடாது என்று கமிட்டி பரிந்துரைக்கலாம்; டீம் மாற்றமோ 3 மாதம் வரை கூடுதல் லீவோ கேட்கலாம். வாயால் இல்லை, எழுதிக் கேட்க வேண்டும்.

புகாரில் "அநாகரிகமாகப் பேசினார்" என்று மட்டும் எழுதினால் எதிர்த்தரப்புக்கு வசதி. தேதி, நேரம், எந்த சாட், அவர் சொன்ன வார்த்தை அப்படியே வரட்டும். ஸ்க்ரீன்ஷாட்டில் பெயரும் தேதியும் தெரிய வேண்டும். சாட்டை அழித்துவிடுவார்கள், அதனால் புகாரோடேயே இணைக்கட்டும். ஆபீஸ் கோப்புகளை மொத்தமாகச் சொந்த மெயிலுக்கு அனுப்ப வேண்டாம், பிறகு அதையே குற்றமாக்கித் திருப்புவார்கள். விதிப்படி 6 பிரதி, சாட்சிகளின் பெயர், முகவரி.

விசாரணைக்கு 90 நாள், அறிக்கைக்கு 10, கம்பெனி நடவடிக்கைக்கு 60. இரு தரப்புக்கும் வக்கீல் கிடையாது. நிரூபிக்க முடியாததாலேயே பொய்ப் புகார் ஆகிவிடாது. பொய்ப் புகார் என்று நடவடிக்கை வரும் என மிரட்டினால் நம்ப வேண்டாம்.

கமிட்டி அமைத்த உத்தரவைக் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டியிருக்க வேண்டும். தலைவர் மூத்த பெண் அதிகாரியா, பாதிப் பேராவது பெண்களா, வெளியாள் ஒருவர் உண்டா என்று பார்க்கச் சொல். கடைசி மெசேஜ் வந்த தேதியை இன்றைக்கே கேட்டு எழுது.

அம்மா